பத்து வரைக்கும்

“தலையை அழுத்திப் பிடி காளை. ஆடுச்சுன்னா வெட்டுப்பட்டுப் போகும்,” என்றார் மொட்டை போட வந்த பேயாண்டி. கத்தியைத் தோல்வாரில் தீட்டி முடித்திருந்தார்.

காளையின் மடியில் கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். நான்கு வயது. குலசாமி கோயிலில் முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் அவன் கண்ணுக்குள் வழிந்தது. அவன் வேப்பமரத்தில் ஏதோ ஓர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிடிக்க வேணாம்ணே. கையை எடு,” என்றாள் பையனின் அம்மா அன்னக்கொடி.

“இது கத்தி ஆத்தா. உன் கரண்டி இல்ல,” என்றார் பேயாண்டி.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கரண்டி விஷயம் உசிலம்பட்டி வரைக்கும் போயிருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை. செவிடு என்றார்கள். ஆனால் தெருமுனையில் பஸ் திரும்பும்போதே அவன் காதைப் பொத்திக்கொள்வான். சாமி குத்தம் என்றார்கள். தலையில் சீப்பு பட்டால் தரையில் மோதிக்கொள்வான். போன ஆடியில் மொட்டை போட்டுவிடுவதென்று நான்கு பேர் பிடித்தார்கள். காலைப் பிடித்தவள் அன்னக்கொடி. அவனுக்கு மூச்சு நின்று உதடு நீலம் பாரித்தது. விட்டுவிட்டார்கள். அதன்பின் மூன்று மாதம் அவன் அவள் கையால் சோறு தின்னவில்லை. அவள் வந்தால் சுவரோரமாக நகர்ந்தான்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா இங்கிலீஷில் ஒரு வார்த்தையை எழுதிக் கொடுத்தாள். அது அன்னக்கொடிக்கு விளங்கவில்லை. மற்றது விளங்கியது. எதைச் செய்தாலும் முதலில் சொல்லிவிட வேண்டும். தினமும் கொஞ்சம். எங்கே முடியும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டும்.

காட்டு வேலை முடிந்து வந்து, தினமும் அவன் தலையை நனைத்து, கரண்டிக் காம்பால் நெற்றியிலிருந்து பிடரி வரை இழுத்தாள். பத்து வரை எண்ணுவாள். “முடிஞ்சுச்சு” என்று சொல்லிக் கரண்டியை மாடக்குழியில் வைப்பாள். முதல் வாரம் ஒன்றுக்கே அலறினான். ஆறாவது வாரம் பத்துக்கும் உட்கார்ந்தான். போன வெள்ளிக்கிழமை எழுந்து போகாமல் அவள் முழங்காலில் முதுகைச் சாய்த்தான். அவள் அசையவே இல்லை. கால் மரத்துப்போனது.

“ஒன்னு,” என்றாள்.

கத்தி இறங்கியது. கருகருவென்று ஒரு கற்றை காளையின் வேட்டியில் விழுந்தது. பையன் அசையவில்லை. ரெண்டு. மூனு. ஏழில் அவன் விரல்கள் மடங்கின. எட்டு. ஒன்பது. சிரித்தவர்கள் இப்போது கிட்டே வந்து பார்த்தார்கள்.

“பத்து. முடிஞ்சுச்சு.”

“அட, தங்கமா இருக்கானே,” என்றான் காளை. “நீ இழு பேயாண்டி.”

“முடிஞ்சுச்சுன்னு சொல்லிட்டேண்ணே.”

“பாதித் தலையோட எந்திரிச்சா குலசாமி சும்மா விடுமா?”

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. சன்னதிக்குள் எரியும் விளக்கை அவளால் பார்க்க முடியவில்லை. காளையின் கை பையனின் தாடையை இறுக்கியது. பையனின் உடம்பு விறைத்தது. உதடு. அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். கத்தி மறுபடி இறங்கும்போது தன் கையைக் குறுக்கே வைத்தாள்.

பேயாண்டி கத்தியைக் கீழே போட்டார். அவள் விரலில் ரத்தம் வந்தது. அதே கையால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

“மாமன் மடியிலருந்து பறிக்கிறியா?” காளை எழுந்தான். அவள் புருஷன் வெள்ளைத்துரையைப் பார்த்தான். “மாப்ள, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?”

வெள்ளைத்துரை குனிந்தான். உதிர்ந்த முடியைப் பொறுக்கித் துண்டில் முடிந்தான்.

“இனி அண்ணேன்னு வாசல்ல வந்து நிக்காத,” என்றான் காளை.

மறுநாள் பத்து மணி டவுன் பஸ்ஸில் பேயாண்டி வீட்டுக்கு வந்தார். அன்னக்கொடி எண்ணினாள். பத்து முறை வழித்தார். பத்தாவதில் கருத்தக்கண்ணன் எழுந்து போனான். வலது பக்கமும் பிடரியும் பாக்கி இருந்தன. காளை வரவில்லை. பையனுக்கென்று அவன் செய்து வைத்திருந்த காதுகுத்துக் கம்மல் அவனிடமே இருந்தது. விரலில் துணி சுற்றியிருந்ததால் அன்னக்கொடி பருத்தி எடுப்பதில் பின்தங்கினாள். இருட்டும் நேரத்தில் பையன் அவள் முழங்காலில் சாயவில்லை. இடது கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, அவள் ஊட்டிய சோற்றைத் தின்றான்.