எந்தக் கட்டம் எதைப் பூட்டும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது மோகன்குமாரின் திருமணத் தகவல் மையம். அன்புக்கரசி அங்கே வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றாறில். பி.காம். முடித்திருந்தாள், தட்டச்சும் தெரியும். அவள் அப்பா கருப்பணன் பூ மார்க்கெட்டில் மல்லிகை எடை போடுகிறவர். "கல்யாணம் ஆகுற வரைக்கும் வீட்டுல சும்மா கெடக்காம போயிட்டு வரட்டும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வரன் பார்க்கிற இடத்தில் மகளை உட்கார வைத்தால் அவளுக்கும் ஒன்று தானாக வந்து விழாதா என்ற நப்பாசையும் உள்ளுக்குள் இருந்தது. அதை வெளியில் சொல்லமாட்டார்.

மோகன்குமார் அதற்கு முன்னால் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவர். சரக்கை ஏற்றி, சீட்டு எழுதி, தார்ப்பாய் கட்டி, வண்டியை அனுப்புவது வரை எல்லாம் வரிசைப்படி நடக்கிற இடம் அது. கல்யாணத்தையும் அதே மாதிரி ஓட்டிவிடலாம் என்று நினைத்தார், பாவம். பெயர், ஜாதகம், போட்டோ, பெண் பார்த்தல், கை நனைத்தல், நிச்சயத் தேதி என்று கட்டம் கட்டமாக ஒரு படிவம் அடித்தார். முந்தைய கட்டம் நிரம்பாமல் அடுத்த கட்டத்தில் பேனா படக்கூடாது என்பது சட்டம்.

ஜனங்களா கேட்பார்கள்? நத்தத்துக்காரர் ஒருவர் புளி லோடு இறக்க வந்தார். வந்தது வந்தோம் என்று பெண்ணையும் பார்த்துவிட்டுப் போனார். ஜாதகம் அடுத்த வாரம்தான் வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆட்கள் முதலில் பெண் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், பிறகுதான் பெண்ணை. ஆரோக்கியம்மாள் என்று ஒரு அம்மாள், மகன் கல்யாணத்துக்குச் சர்ச்சில் ஓலை வாசித்து அறிவிக்கச் சொல்லிப் பங்குச் சாமியாரிடம் நாள் கேட்டுவிட்டு, பெண் தேடுவதற்கு நேரே மாடி ஏறி வந்தாள்.

மோகன்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார். "வரிசையில வரமாட்டேங்குறாங்களேம்மா!"

"அவங்க எப்படி வேணா வரட்டும் சார். எது நிரம்புனா எத நிரப்பலாம்னு கட்டமே சொல்லிட்டாப் போதாதா?" என்றாள் அன்புக்கரசி. "போட்டோ என்னைக்கு வந்தா என்ன? ஆனா ஜாதகம் பாக்காம நிச்சயத் தேதி எழுத முடியாது. அத மட்டும் பூட்டிப் போடுவோம்."

பூட்டு என்று சொன்னால் திண்டுக்கல்காரருக்குப் புரியாமல் போகுமா? அன்றைக்கு ஆரம்பித்த விவாதம் டீயும் வடையுமாக நாலைந்து வருஷம் நடந்தது. கடைசியில் மோகன்குமாரிடம் ஒரு தத்துவமே உருவாகிவிட்டது. டீ கொண்டுவரும் பொம்மையனை நிற்க வைத்து அதை விளக்குவார். "கல்யாணம்ங்கிறது ரோடு இல்ல பொம்மையா, அது ஒரு தாளு. எந்த மூலையில இருந்தும் எழுதலாம். ஒவ்வொரு கட்டமும் தனக்கு முன்னாடி எது நிரம்பணும்னு தானே சொல்லும். எழுதுனதத் திருத்தவும் செய்யலாம். ஆனா திருத்துனா, அத நம்பி எழுதுனதெல்லாம் திரும்பவும் கேள்விதான்." பொம்மையன், "கிளாஸ் எடுக்கலாமாண்ணே?" என்பான்.

தத்துவம் முற்றிப்போய் இரண்டாயிரத்து ஒன்றில் புதுப் படிவம் அச்சுக்குப் போனது. திருத்தம் பார்க்கப் போனவள் அன்புக்கரசி. அங்கேதான் அவள் தன் கைவரிசையைக் காட்டினாள். 'பெண்ணுக்குச் சம்மதமா' என்ற கட்டம் அதுவரை பின்பக்கத்தில், உயரத்துக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவில் கிடந்தது. உயரம் எழுதுகிற கையோடு பெண்ணின் அப்பாவே அதிலும் 'சம்மதம்' என்று எழுதிவிட்டுப் போவார். அவள் அதைத் தூக்கி முன்பக்கத்தில் வைத்தாள். அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'பெண் தன் கையால் எழுத வேண்டும். இது நிரம்பாமல் கை நனைத்தல் இல்லை.'

கை நனைப்பது என்றால் சின்ன விஷயம் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், பஜ்ஜி கடிப்பார்கள். ஆனால் இலையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். அதன் பிறகு பின்வாங்கினால் இரண்டு வீடும் மூன்று தலைமுறைக்கு முகம் பார்க்காது.

கட்டுக்கட்டாக அச்சாகி வந்த பிறகுதான் மோகன்குமார் அந்த வரியைப் பார்த்தார். குதித்தார். திரும்ப அடித்தால் நஷ்டம் என்று உட்கார்ந்தார். இன்னொரு முறை படித்துப் பார்த்தார், தத்துவத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மறுநாளிலிருந்து அது தன்னுடைய யோசனை என்று பொம்மையனிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம் ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கு. அடுத்த வைகாசியில் கருப்பணனே மாடி ஏறி வந்து, மகள் பெயருக்கு ஒரு படிவம் வாங்கினார். வரனும் சீக்கிரமே அமைந்தது. பையன் பெயர் வேலுசாமி. சொந்த ஊர் தொப்பம்பட்டி, திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். ஜாதகம் பொருந்தியது. போட்டோ அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் 'பெண் வேலைக்குப் போக ஆட்சேபம்' என்ற கட்டத்தில் பையன் வீட்டில் எல்லாம் பேசி முடிக்கிற தாய்மாமன் மலைச்சாமி 'உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

அந்தத் தாளைக் கோப்பில் வைத்தவள் அவள்தான். அன்றைக்கு அவளுக்கு மதியச் சோறு இறங்கவில்லை. செருப்புக் கடை மாடியில் இருந்த அந்த நாற்காலி, கூச்சல், டீ, தத்துவம், எதையும் விட்டுப்போக அவளுக்கு மனசில்லை. அப்பாவிடம் சொன்னாள். "அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் பேசிக்கலாம்த்தா" என்றார். அப்புறம் யார் பேசப்போகிறார்கள் என்பது இத்தனை வருஷம் அந்த ஆபீசில் இருந்தவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் வேனில் கிளம்பினார்கள். பெண் வீட்டில் அன்றைக்கே பேசி முடித்துக் கை நனைக்க ஏற்பாடு என்று கேள்விப்பட்ட மலைச்சாமி, காலைப் பலகாரத்தையே யாரையும் தொடவிடவில்லை. வயிற்றில் இடம் வேண்டுமாம். வழியில் இரண்டு தடவை டயர் பஞ்சர். வந்து இறங்கும்போது மணி இரண்டரை. அன்புக்கரசியின் அம்மா மாயக்காள் சமையலை முடித்து வைத்திருந்தாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, தொட்டுக்கொள்ள ரெண்டு வெஞ்சனம், வடை, பாயசம். வாசனை கூடம் வரைக்கும் வந்து ஆளை இழுத்தது.

ஆயிற்று, பெண் பார்த்தாயிற்று. மோகன்குமார் கூடத்தின் நடுவில் தாளை விரித்தார். பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, எழுது. சம்பந்தி பசியோட இருக்காருல்ல" என்றார் கருப்பணன்.

"சம்மதக் கட்டம் காலியா இருக்குண்ணே."

"ஏனுங்க, அத அப்புறமா எழுதிக்கலாமுங்களே" என்றார் மலைச்சாமி. கண் சமையல்கட்டில் இருந்தது.

மோகன்குமாருக்கு வியர்த்தது. இத்தனை வருஷம் பேசிய பேச்சு பேனா முனையில் வந்து நின்றது. "முடியாதுங்க. அது பூட்டு. சாவி எங்கிட்ட இல்ல" என்றார்.

எல்லோரும் அன்புக்கரசியைப் பார்த்தார்கள். அவள் நிதானமாகத் தாளையும் பேனாவையும் வாங்கி, நிதானமாகப் படித்தாள். மலைச்சாமியின் வயிறு உறுமியது கூடம் முழுக்கக் கேட்டது.

"வேலைக் கட்டத்துல ஆட்சேபம் உண்டுன்னு இருக்கு. அது மாறுனா எனக்குச் சம்மதம்" என்றாள்.

"அவ்வளவுதானுங்களா, குடுங்க, அடிச்சிடறனுங்க" என்று வேலுசாமி பாய்ந்து பேனாவுக்குக் கை நீட்டினான். அவன் மூக்கு வடை இருந்த திசையில் திரும்பியிருந்தது.

அவள் பேனாவைக் கொடுக்கவில்லை. அவன் மூக்கு போன திசையைப் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "அம்மா, இவருக்கு மட்டும் ஒரு இலை போடு" என்றாள்.

மாயக்காள் கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏண்டி, கிறுக்கு புடிச்சிருச்சா? பேசி முடிக்காம கை நனைக்கிறதா?"

"பூட்டுப் போட்டவளே நீதானம்மா! நீயே ஒடச்சா எப்படி?" என்று மோகன்குமாரும் அலறினார்.

"பசியில எழுதுனா அது நிரம்புன கட்டமா சார்?"

மோகன்குமார் அந்தத் தாளைப் பார்த்தார். "இல்லம்மா" என்று மெதுவாகச் சொன்னார். கருப்பணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வேலுசாமி சாப்பிட்டான். அவன் ஜாதி ஜனம் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது முறை பாயசம் கேட்டான். மலைச்சாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

கை கழுவி வந்தவன் இப்போது பாயவில்லை. தாளை முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். அன்புக்கரசிக்குப் பயம் வந்தது. வயிறு நிறைந்தவன் மனசு மாறிவிட்டால்? மாறினால் அவ்வளவுதான். அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வினை. கை நனைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்துபோன பெண் என்று காலத்துக்கும் பேர் இருக்கும்.

"மாமா, இந்த 'உண்டு' யாருங்க எழுதுனது?"

"நாந்தான் மாப்ள."

"எங்கிட்டக் கேட்டீங்களா?"

"இதையெல்லாமா கேட்டு எழுதுவாங்க?"

வேலுசாமி அவள் பக்கம் திரும்பினான். "ஆபீசு எத்தன மணிக்குங்க முடியும்?"

"ஆறரை. முகூர்த்த மாசத்துல எட்டாயிரும்."

அவன் அவளிடமிருந்து பேனாவை வாங்கினான். "கடையும் எட்டு மணிக்குத்தானுங்க சாத்தறது" என்று சொல்லி, 'உண்டு' என்பதை அடித்து 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பேனாவை வைக்காமல், சம்மதக் கட்டத்துக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக இன்னொரு கட்டம் போட்டான். 'மாப்பிள்ளைக்குச் சம்மதமா.'

"இது உங்க தாள்ல இல்லவே இல்லீங்க. என்னையும் இதுவரைக்கும் யாரும் கேக்கலீங்க" என்றான்.

அன்புக்கரசிக்கு முகம் சுட்டது. பெண்ணைக் கேட்க வேண்டும் என்று அச்சாபீஸ் வரை போய்க் கட்டத்தையே இடம் மாற்றியவளுக்கு இப்படி ஒன்று தோன்றவே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "கேக்குறேன். சம்மதமா?" என்றாள்.

"மொதல்ல நீங்க எழுதுங்க."

"நீங்க எழுதுங்க."

எந்தக் கட்டம் எதைப் பூட்டும் என்று இருவரும் மோகன்குமாரைப் பார்த்தார்கள். அவர் தத்துவத்தில் அதற்கு விடை இல்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா எழுதித் தொலைங்க, சோறு ஆறுது!" என்று கத்தினார் மலைச்சாமி.

மோகன்குமார் யாருக்கும் தராத தன் சட்டைப்பைப் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். ஒரே தாளில் குனிந்ததில் தலையும் தலையும் இடித்துக்கொண்டன. ஊரார் கட்டங்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியவள், ஒரே ஒரு 'சம்மதம்' எழுதுவதற்குள் கட்டத்துக்கு வெளியே போய்விட்டாள். கருப்பணன் துண்டை எடுத்துவிட்டு, "வாங்க சம்பந்தி, சாப்பிடலாம்" என்று கூப்பிடத் திரும்பினார். சம்பந்தி ஏற்கெனவே இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.