மீட்டருக்குத் தேடிய விசிறி

மணல்திட்டில் படகு ஏறியது தன் கையால் அல்ல என்று வெல்டர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை. அக்கா புருஷன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, இவன் சுக்கானைக் கோணலாகப் பிடித்தான் என்று சொன்னார். அக்கா அதைக் கல்வெட்டாக்கிவிட்டாள். அன்றிலிருந்து தம்பி ஓட்டுகிற எதிலும் அவள் ஏறுவதில்லை. வேனை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாலும், நீ முன்னால் போ, நான் பஸ்ஸில் வருகிறேன் என்பாள். கூடப்பிறந்தவள் இப்படிச் சொன்னால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

அக்கா புருஷன் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுகிற வேலையில் இருந்தவர். தெருவே மீட்டர்காரர் என்றுதான் கூப்பிடும். முள் ஓடுகிற எதையும் நம்புவார். மனுஷன் சொன்னால் மட்டும் நம்பமாட்டார். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். வாங்கிய கையோடு, படகு போன தூரத்தைக் காட்டுகிற அந்தக் காலத்து மீட்டரும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அந்த மீட்டரில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. படகின் பின்கம்பியில் பித்தளை முகப்பு. அதிலிருந்து தண்ணீருக்குள் போகிற நீளக் கயிறு. கயிற்றின் நுனியில் இறக்கை வைத்த ஒரு விசிறி. படகு இழுக்க இழுக்க விசிறி சுற்றும், கயிறும் கூடச் சுற்றும், முகப்பில் முள் நகரும். இத்தனை சுற்றுக்கு ஒரு மைல் என்று கணக்கு.

முகப்பு பழைய சாமான் கடையில் கிடைத்துவிட்டது. விசிறி கிடைக்கவில்லை. அதைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் அலைந்தது வெல்டரின் வேன்தான். கப்பல் உடைக்கிற இடம், துறைமுகக் கிடங்கு, மாலுமி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்களின் பரண் என்று ஏறி இறங்கினார்கள். கடைசியில் ஒரு வீட்டில், காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த சாமானைப் பார்த்து மீட்டர்காரர் அப்படியே நின்றுவிட்டார். விசிறியேதான். அந்த வீட்டம்மா கதவுக்கு வேறு முட்டு கேட்டாள். வெல்டர் தன் வேனிலிருந்து ஒரு நல்ல இரும்புத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

கையில் வாங்கிப் பார்த்ததுமே வெல்டருக்குச் சுருக்கென்றது. இறக்கைகள் சாய்வு போதாமல் கிட்டத்தட்ட நேராக இருந்தன. இது வேறு முகப்புக்குச் செய்தது, இதற்கு மாட்டினால் சுற்று குறையும், தூரத்தைக் கம்மியாகக் காட்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். பித்தளைக்குப் பித்தளை சரியாய்ப் போயிற்று என்று சொல்லி மீட்டர்காரர் வேனில் ஏறிக்கொண்டார்.

கயிற்றோடு பட்ட பாடு தனி. விசிறியை மேலே எடுக்கும்போது, கயிற்றை முகப்பிலிருந்து கழற்றி, அந்த முனையைப் படகின் மறுபக்கம் தண்ணீரில் விட்டுக்கொண்டே இழுக்க வேண்டும். அப்போதுதான் முறுக்கு பிரியும். மீட்டர்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அப்படியே இழுத்து, பூனை புரட்டிய நூல்கண்டு மாதிரி ஆக்கிவிட்டு, மச்சான் பார்த்துக்கொள்வான் என்று பாயைக் கவனிக்கப் போய்விடுவார்.

திட்டில் ஏறிய அன்று அக்காவும் படகில் இருந்தாள். மூடுபனியில் கரையே தெரியவில்லை. இடம் காட்டுகிற செல்போன் அப்போதே வந்துவிட்டது. படகில் மீட்டர் இருக்கும்போது அது எதற்கு என்று மீட்டர்காரர் வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மைலைத் தாண்டினால் மணல்திட்டு, அதனால் மீட்டர் பன்னிரண்டு காட்டியதும் திரும்பு என்பது உத்தரவு. வெல்டர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டுக்காகக் காத்திருந்தார். முள் பத்தரையில் இருக்கும்போதே படகு மணலில் தேய்ந்து நின்றது. அக்கா உருண்டு விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டாள்.

அலை ஏறிப் படகு மிதந்து, கரை சேர்ந்த பிறகு வெல்டர் மீட்டர்காரரைத் தனியாகப் பிடித்தார்.

"அத்தான், நான் கோணலா ஓட்டியிருந்தா வழி நீண்டிருக்கும். மீட்டர் கூடத்தானே காட்டணும்? கொறச்சுல்ல காட்டிச்சு. அப்ப விசிறிதானே தப்பு?"

மீட்டர்காரர் தாடையைத் தடவினார். "நீரோட்டம் தள்ளியிருக்கும்."

"சரி, நீரோட்டம்னே அக்காகிட்ட சொல்லுங்க."

"அவளுக்கு நீரோட்டம் எல்லாம் எங்க மச்சான் புரியப் போகுது? சுக்கான்னா டக்குனு புரியும்."

ஆனால் ஒன்று. அதற்குப் பிறகு மீட்டர்காரர், முள் குறித்த மைலுக்கு வருவதற்கு முன்பே திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், ஒரு ஜாக்கிரதைக்குத்தான் என்பார். வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புவார். சுக்கான் அவர் கைக்கு வருவதே அக்கா படகில் ஏறாத நாட்களில் மட்டும்தான்.

பிறகு மீட்டர்காரருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மருந்து வேலை செய்யவில்லை. படுத்த படுக்கையானார். ஒருநாள் சாயங்காலம் வெல்டரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அக்கா கட்டிலின் காலடியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்காவது அவள் காதுபட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார் என்று வெல்டர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். மீட்டர்காரர் முதல் வேலையாக, வெந்நீர் வேண்டும் என்று அக்காவை அடுக்களைக்கு அனுப்பினார். அவளுடைய காலடிச் சத்தம் அடங்கும்வரை பேசவில்லை. பிறகு வெல்டரின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"மச்சான், அந்த விசிறிய உன் பட்டறைக்கு எடுத்துட்டுப் போ. இறக்கைய இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வளைச்சுக் கொடு. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."