அத்தானுக்கு ஓர் அடிபுதையரணம்

மீள்குடியேறிய வருடம் எங்கள் வயலில் நெல்லைக் காணோம். உடைமுள்ளும் ஆளுயரப் புல்லும்தான். மிதிவெடி அகற்றியவர்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சம் புடையன் பாம்பு. அத்தானுக்கு இருந்ததோ ஒற்றைக் கால். மற்றதை, முழங்காலுக்குக் கீழே, இடப்பெயர்வில் ஷெல் கொண்டுபோய்விட்டது. அதில் றப்பர் பாதம் வைத்த பொய்க்கால் பூட்டியிருந்தார். மழைக்கு முன்னம் துப்புரவாக்கி விதைக்காவிட்டால் அடுத்த வருடமும் நிவாரண அரிசிதான். ஆனால் மிஞ்சிய காலையும் பாம்பு கடித்துவிட்டால்? அக்காவுக்கு நித்திரையே இல்லை.

"பூட்ஸ் போடுங்கோவன்" என்று கெஞ்சினாள்.

"வயலுக்குள்ள ஆரும் செருப்போட இறங்கினதே? விசர்க்கதை கதையாதை."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சோறு தரும் மண்ணை வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும். அக்கா விடுவாளா? கூடாரத் தறப்பாளில் மிஞ்சிய துண்டைச் சாக்கோடு சேர்த்துத் தைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஓர் உறை செய்தாள். உள்ளங்கால் வெறுமையாகவே இருக்கும்.

எனக்கோ ஒரு பொருளுக்குப் பெயர் தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும். ஊரெல்லாம் கேட்டேன், சிரித்தார்கள். எப்போதோ ஒரு பழைய அகராதியில் கண்ட சொல் ஞாபகம் வந்தது: அடிபுதையரணம். பாதம் புதையும்படி மூடிக் காக்கும் காப்பு.

"அம்மாடி! பேர் காலைவிட நீளமாக் கிடக்கு" என்றாள் அக்கா.

அத்தான் விடவில்லை. "பிள்ளை, அடி வெளியிலயெல்லோ நிக்குது. இதில எது புதையுது?"

"சும்மா இருங்கோ அத்தான், கிடைச்ச பேரையும் கெடுக்காதையுங்கோ" என்றேன்.

விடிந்ததும் மூவரும் போனோம். வரம்பில் நின்று அத்தான் நல்ல காலில் உறையைக் கட்டினார். ஆனால் இறங்கவில்லை. றப்பர் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது காலோ, செருப்போ?"

இதற்கு எந்த அகராதியைப் புரட்டுவது? கழற்றினால் நிற்க முடியாது. கழற்றாமல் இறங்க அவருக்கு மனம் வராது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

அக்கா குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலோடு அவர் முன்னால் குந்தினாள். நல்ல காலைக் கழுவினாள். பிறகு றப்பர் பாதத்தையும், அதன் அச்சு விரல்களின் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். சீலைத் தலைப்பால் இரண்டையும் துடைத்தாள்.

"இஞ்சேருங்கோ, செருப்பை ஆராவது சீலையால துடைப்பினமே? கால்தான். இறங்குங்கோ."

அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மண்ணில் முதலில் வைத்தது அந்தக் காலைத்தான்.