பீரங்கிக் குழாய் நடுவுல ஒரு டப்பா

சாரல் அடிக்கும்போது நேந்திரங்கா சிப்ஸ் சட்டியில இருந்து ஒரு வாசன வரும் பாத்தியளா... தேங்கண்ணெயும் ஈர விறகுப் பொகையும் சேந்து. அது மூக்குல ஏறுனா இப்பவும் என் கண்ணு அடுப்போரம் என்ன இருக்குன்னு தேடும்.

காரணம் ஒரு டாங்கி. சிரிக்காதீய... பொம்ம டாங்கிதான்.

அப்ப நான் கல்யாணமாகி வந்த புதுசு. ஐந்தருவி ரோட்டுல எங்களுக்கு சிப்ஸ் கடை. மாமா எங்கம்மா கூடப்பொறந்தவரு, எனக்கு மாமனாரும் அவருதான். அதனால கேலிக்குக் கொறச்சலே கெடையாது. பட்டாளத்துல டாங்கி ஓட்டுனவரு. பாகிஸ்தான் சண்டைக்கும் போயிட்டு வந்தவரு.

அதே டாங்கியில பீரங்கி சுட்டவரு வாசு சேட்டன். புனலூர்க்கார மலையாளி. அந்த சீசனுக்கு அவர அருவிக்குக் கூட்டிட்டு வாரேன்னு அவரு மக போன் பண்ணுச்சு. அப்பாவுக்கு ஞாபகம் போயிட்டு, என்னையே யாருன்னு கேக்காருன்னு ஒரே அழுகை.

அன்னையில இருந்து மாமாவுக்கு சோறு எறங்கல. "ஏட்டி, வாசு என்னையக் கண்டுபிடிச்சிருவானா?"

"ஒங்க மூஞ்சிய மறக்கணும்னுதான அம்புட்டு தூரம் வந்து குளிக்காரு"ன்னேன்.

சிரிக்கல மனுசன். எனக்கும் ஒரு மாதிரி ஆயிட்டு.

துபாய்ல இருந்து சித்தி மவன் கொண்டாந்த டாங்கிப் பெட்டி ஒண்ணு வீட்டுல கெடந்துச்சு. பிளாஸ்டிக்ல துண்டு துண்டா இருக்கும், ஒட்டிச் சேக்கணும். அதக் காட்டுனா வாசுக்கு நெனப்பு வரும்னு மாமா உக்காந்துட்டாரு. நான் ஆறாங்கிளாசு தாண்டாதவ... படத்தப் பாத்து துண்டு எடுத்துக் குடுக்கது என் வேல.

முடியப் போற நேரம் மாமா மொகம் வாடிட்டு.

"இது டப்பா வைக்கதுக்கு முந்துன மாடல்ட்டி. எதிராளிகிட்டயும் இதே சாயல்லதான் டாங்கி. அதனால சண்டைக்குப் போகையில நம்ம பீரங்கிக் குழாய் நடுவுல சும்மா ஒரு டப்பா மாட்டுனாவ. டப்பா இருந்தா நம்மாளு. இல்லன்னா சுடு. வாசு கண்ணு அதத்தான் தேடும்."

"இல்லன்னா ஒங்களச் சுட்டுருவாராக்கும்?"

"சும்மா கெட, மூதி."

டப்பாவுக்குப் பதிலா பேனா மூடிய ரெண்டு பக்கமும் அறுத்து, குழாய்ல மாட்டி, பச்ச பெயிண்ட் அடிச்சோம். காயணுமே! சாரல்ல தீப்பெட்டியே நமுத்துப் போவுது. எங்க பக்கம் சீசன்ல துண்டு, பாவாட, பிள்ளைய பொஸ்தகம் எல்லாத்தையும் சிப்ஸ் அடுப்போரம் வச்சுத்தான் காய வைப்போம். மாமா டாங்கியையும் அங்கன கொண்டு வச்சுட்டாரு.

அதுவும் அவிய வார அன்னைக்கு. குளிச்சிட்டு இருக்கோம், இப்ப வந்துருவோம்னு போனும் வந்துட்டு. போய்ப் பாத்தா... பீரங்கி சூட்டுல எளகி யானைத் தும்பிக்கை மாதிரி தொங்குது.

மாமா அத நிமித்தப் போனாரு, படக்குன்னு ஒடிஞ்சிட்டு. என் கேலியெல்லாம் போன எடம் தெரியல. இலஞ்சி முருகா, இந்த மனுசன் மொகத்த இப்பிடிப் பாக்க முடியலயேன்னு சுத்திச் சுத்தி வாரேன்...

கண்ணுல பட்டது என் ரேடியோ. ஏரியல இழுத்தேன். அடியில தடிமன், நுனியில மெலிசு. பீரங்கியேதான்! ஒடிச்சுக் குடுத்தேன். பேனா மூடியக் கழத்தி அதுல மாட்டி, பெயிண்ட் அடிச்சு, பிரஷ்ஷக் கீழ வைக்கல... கார் வந்துட்டு.

வாசு சேட்டன் எறங்குனாரு. தல ஈரம் சொட்டுது. மாமாவப் பாத்தாரு, ரோட்டுல போறவனப் பாக்க மாதிரி. மாமா டாங்கிய நீட்டுனாரு.

சேட்டன் அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. வெரலு குழாய் மேல ஊந்து போயி டப்பாகிட்ட நின்னுச்சு. வெரலெல்லாம் பச்ச.

"நம்முடெ வண்டி"ன்னாரு.

பொறவு மாமாகிட்ட மெதுவா, "டிரைவர் எவிடெ? அவன் ஊணு கழிச்சோ?"

டிரைவர் எங்க, சாப்ட்டானான்னு அந்த டிரைவர்கிட்டயே கேக்காரு!

மாமா வெறைப்பா நிமிந்து நின்னு, "சாப்ட்டான் வாசு. வயிறு நெறைய சாப்ட்டான்"னாரு. அன்னைக்குத்தான் அவரு கண்ணுல தண்ணி பாத்தேன்.

இப்ப ரெண்டு பேரும் இல்ல. கடையில கேஸ் அடுப்பு. டப்பா வச்ச மாடலே ரெடியா வருதாம், மவன் போன்ல காட்டுதான். "ஒட்டவும் வேண்டாம், ஒடியவும் ஒடியாதும்மா"ங்கான்.

நல்லதுதாம்லே. ஆனா மாமா மொகம் வாடுதேன்னு அன்னைக்குப் பயந்தேனே, அப்பிடிப் பயப்படுததுக்கும், வீட்டுல ஒரு ஆளு இருக்கணும்லா...