சோலைக்கிளி காட்டிய பாண்டி அண்ணன்

பாண்டி அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம், கடையில் உட்கார்ந்திருக்கும்போதே... நெஞ்சுவலி.

மதுரை செல்லூரில் பவர்லூம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தாரே, அவர்தான். நான் இங்கே போடும் சோலைக்கிளி படங்களுக்கு அள்ளி அள்ளி லைக் போடுவீர்களே, அந்தக் குருவியை எனக்குக் காட்டியவர்.

பேர்தான் கிளி. கொடைக்கானல் சோலைக்காட்டில் இருட்டுப் புதருக்கு அடியில் திரிகிற சின்னக் குருவி. நீல முதுகு, வெள்ளை வயிறு. விசில் கேட்கும், ஆள் தெரியாது.

மாதம் ஒரு ஞாயிறு, ஆரப்பாளையத்தில் முதல் பஸ். காட்டு ஈரத்தில் அண்ணன் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் அசைய மாட்டார். அட்டை காலில் ஏறினாலும் சத்தம் வராது. எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

ஒருநாள் போனில் அந்தக் குருவியின் சத்தத்தைப் போட்டுவிட்டேன். உடனே வெளியே வந்தது. பத்து ஷாட் எடுத்தேன். அண்ணன் முகமே மாறிவிட்டது.

"வேற ஒருத்தன் எடத்தப் பிடிக்க வந்துட்டான்னு பதறி வருது தம்பி. அதப் போயி ஏமாத்துறியே."

திரும்பும் வழியில் வத்தலக்குண்டில் பஸ் நின்றது. அங்கே டீ வாங்கிக் கொடுத்து, படங்களை அழிக்கச் சொன்னார். அழித்தேன்... வயிற்றெரிச்சலோடுதான்.

அவர்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதே, டாக்டரைப் பாருங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். சீசன் முடியட்டும் என்பார். வருஷம் முழுக்க அங்கேயே கிடக்கிற குருவிக்கு ஏது சீசன்?

இன்று காலை அவர் மகள் போன் செய்தாள்.

"சித்தப்பா, ஃப்ளெக்ஸுக்கு அப்பா போட்டோ ஒண்ணு வேணும். நீங்கதான கேமராவும் கையுமா கூடப் போவீங்க."

ஹார்ட் டிஸ்க் மூன்றையும் தேடிவிட்டேன். குருவி, குருவி, குருவி... ஒரே ஒரு படத்தில் ஓரமாக அண்ணனின் தோள், அதுவும் மங்கலாக. ஃப்ரேமுக்குள் வருகிறீர்கள், தள்ளுங்கண்ணே என்று ஒவ்வொரு தடவையும் விரட்டியது நான்தான்.

ஆறு வருஷம். முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இல்லை. என்ன மனுஷன் நான்.

கடைசியில் ஆதார் கார்டில் இருப்பதைப் பெரிதாக்கி அடித்துத் தெரு முக்கில் கட்டியிருக்கிறார்கள். அதில் இருப்பது அண்ணன் மாதிரியே இல்லை. கீழே, கண்ணீர் வடிக்கும் நண்பர்கள் வரிசையில் முதல் பேர் என்னுடையது.

யாரிடமாவது அண்ணன் சிரிக்கிற மாதிரி ஒரு படம் இருந்தால் அனுப்புங்கள். காரியத்துக்குள் வீட்டில் மாட்ட வேண்டும்.

போயிட்டு வாங்கண்ணே.