வேனை நிறுக்கும் பரிமளம்

“நானா, மூக்கை இன்னும் ஒரு பொடி இந்தப் பக்கம் திருப்புங்க. ஆ, போதும். இப்ப இறங்கி ஒதுங்கிக்கிங்க, உங்க வயிறும் படத்துல விழுது.”

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி பரிமளம் கேமராவில் கண்ணை வைக்கிறார். அவர் நிற்பது ஹுன்னஸ்கிரியத் தேயிலை மலையில் ஒரு வளைவு. வேன் நிற்பது பள்ளத்துக்கு அப்பால், எதிர் மலையில், அதே உயரத்தில் இன்னொரு வளைவு. நடுவில் முந்நூறு மீற்றர் வெறும் காற்று. இத்தனை தூரம் நேராகவும் மட்டமாகவும் ஓடும் பாதை கண்டிப் பக்கம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பஸ்காரர்கள் விடமாட்டார்கள்.

“கிட்ட நின்னு எடுத்தா மூக்கு பெருசு, நெத்தி சிறுசு. கல்யாணப் படத்துல மாமியார் முன்னால நின்னுட்டா பொண்ணு சின்னதாத் தெரியும்ல, அந்த மாதிரி.”

வயிற்றுக்குச் சொந்தக்காரர், பரிமளம் அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்அப். பழைய வேன்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பூட்டும் கராஜ் ஒன்றைக் கட்டுகஸ்தோட்டையில் நடத்துகிறார். ஒரு வேனுக்கு எத்தனை பேட்டரிப் பெட்டி வேண்டும் என்று சொல்வதற்கு, அது எவ்வளவு பெரிய முகத்தோடு காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போகிறது என்று தெரிய வேண்டும். அதாவது, நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும் முகத்தின் பரப்பு. முன்பெல்லாம் முஸ்அப் உயரத்தை அகலத்தால் பெருக்கி, குத்துமதிப்பாகக் கொஞ்சம் கழித்துக்கொள்வார். சீட்டுக்கு உறை தைக்க வந்த பரிமளம் ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி யாராச்சும் பிளவுஸ் வெட்டுவாங்களா நானா?”

“அப்ப நீங்களே வெட்டுங்களே,” என்றார் முஸ்அப். அன்றிலிருந்து அது பரிமளத்தின் வேலையாகிவிட்டது.

பல்லேகலையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையின் வெட்டும் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவர் அவர். அங்கே துணியின் கனத்தை அறிய அளவு தெரிந்த ஒரு துண்டை வெட்டித் தராசில் போடுவார்கள். பரிமளம் அதையே திருப்பிப் போட்டார். படத்தைத் தடித்த அட்டையில் அச்சடித்து, வேனின் உருவத்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுப்பார். வேனில் ஒரு மீற்றர் என்பது அட்டையில் பத்து சென்ரிமீற்றர். ஆகவே அதே அட்டையில் பத்துக்குப் பத்தாக வெட்டிய சதுரம், ஒரு சதுர மீற்றருக்குச் சமம். இரண்டையும் நகைக்கடைத் தராசில் நிறுத்து, ஒன்றை மற்றதால் வகுத்தால் கணக்கு முடிந்தது.

டயர்களுக்கு நடுவே தெரியும் வெளிச்சத்தை வெட்டி எறிந்துவிடுவார். “அது காத்துக்கு விட்ட வாசல்.” பக்கக் கண்ணாடிகளுக்கு வரும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் வாகனங்களைப் பற்றி, ஆட்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். “இவனுக்கு அகல முகம். தின்னுகிட்டே இருப்பான்.” ஆற்றுப் பாலத்தில் காற்று வீசினால் குடையை மடக்கிக்கொண்டு, தோளை முன்னால் விட்டு, பக்கவாட்டில் நடப்பார்.

கடந்த மாசி மாதம் பன்விலையிலிருந்து யோகராஜ் வாடகைக்கு ஓடும் தன் வேனைக் கொண்டுவந்தார். அவர் மனைவி நல்லம்மாவுக்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை கொழும்பு ஆஸ்பத்திரியில் ஊசி. திரும்பி வரும்போது நல்லம்மாவால் உட்கார முடியாது, பின் சீட்டில் நீட்டிப் படுக்க வேண்டும். வழியில் சார்ஜுக்கு நிறுத்திக் காத்திருக்கவும் அவர் உடம்பு தாங்காது. எட்டுப் பெட்டி என்றால் பின் சீட் தப்பும். ஒன்பது என்றால் சீட் இருக்கும் இடத்தைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். அடுத்த ஊசிக்கு முன் வேலை முடிய வேண்டும் என்று யோகராஜ் நெருக்கினார். பரிமளம் அவசர அவசரமாக நிறுத்து, 2.66 சதுர மீற்றர் என்றார். எட்டு போதும். யோகராஜ் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

பெட்டிகளை இறக்க வேனின் தரைத்தகட்டை வெட்டுவதற்கு முதல் நாள் தராசுக்குப் புது பேட்டரி போட்டார் பரிமளம். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கத் தன் சதுரத்தை வைத்தார். 2.98 கிராம். சதுரத்தின் மேல் அவருடைய கையெழுத்திலேயே 3.12 என்று எழுதியிருந்தது. ஐப்பசி மழையில் அட்டை ஈரம் குடித்திருந்தபோது நிறுத்த எண் அது. எப்போதும் இரண்டையும் ஒன்றாக நிறுப்பவர், இந்த ஒருமுறை அவசரத்தில் எழுதிவைத்ததை நம்பிவிட்டார். காய்ந்த வேனை ஈரச் சதுரத்தால் வகுத்திருக்கிறார். வேனின் முகம் உண்மையில் 2.79. துணியை ஓர் இரவு அறையில் ஆறவிட்டுத்தான் நிறுக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

முஸ்அப் கணக்குப் போட்டுப் பார்த்தார். “ஒரு சார்ஜுக்கு எட்டு கிலோமீற்றர்தானே கொறையுது. யாருக்குத் தெரியப் போற?”

“திரும்பி வரப்ப, வத்தேகம தாண்டின ஏத்தத்துல தெரியும் நானா. அந்த அக்கா பின்னால படுத்திருக்கப்ப.”

மறுநாள் காலை யோகராஜ் வந்ததும், வேனின் தரையில் வெட்டுவதற்குக் கீறியிருந்த சோக் கோட்டைக் காட்டி, “இது தப்புங்கண்ணே. நான்தான் பிழையா நிறுத்துட்டேன்,” என்றார் பரிமளம். காரணத்தையும் சொன்னார். குரலில் குழைவில்லை.

யோகராஜ் வேனுக்குள் குனிந்து பின் சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். “ஒம்பது பெட்டின்னா பின் சீட் போயிரும்?”

“போயிரும்.”

“அப்ப அவ எங்கங்க படுப்பா?”

பரிமளம் அட்டை வேனை எடுத்து மேசையில் வைத்தார். கூரைக்கும் அதன் மேலிருந்த கேரியருக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். “இது இல்லாட்டி எட்டே போதும். ராத்திரி நாலு தடவ கணக்குப் பாத்துட்டேன். ஆனா உங்களுது கூரையோட வெல்டிங் பத்தவச்சது. ஒருதரம் அறுத்தா, திரும்பப் பூட்டக் கூரை தாங்காது.”

சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில், சாமான் ஏற்றக் கேரியர் இல்லாத வேனை யாரும் வாடகைக்குக் கூப்பிடமாட்டார்கள். அது மூவருக்குமே தெரியும்.

“சீசன் ஹயரெல்லாம் போயிரும்,” என்றார் யோகராஜ், யாரிடமும் இல்லாமல்.

முஸ்அப் வாயெடுத்தபோது பரிமளம் கண்ணால் தடுத்தார்.

“கத்திரியக் குடுங்க,” என்றார் யோகராஜ்.

பரிமளம் பிடி அவர் பக்கம் வரும்படி திருப்பிக் கொடுத்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள் வளையத்துக்குள் முழுதாக நுழையவில்லை. அட்டை மெல்ல மெல்ல, கோட்டை விட்டு விலகாமல் வெட்டுப்பட்டது. கடைசி நூலும் அறுந்தபோது, அந்தத் துண்டு கிறீஸ் படிந்த தரையில் விழாதபடி பரிமளம் உள்ளங்கையை நீட்டி ஏந்திக்கொண்டார்.