அம்மாவின் அடுப்பில் நான் ஊற்றிய தண்ணீர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் அம்மாவின் கையால் சாப்பிட்டவர்கள். மீதிப் பேர் சாப்பிடாமல் கிளம்பியதற்காக அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். அம்மாவைப் புகழ நான் தேவையில்லை. மகன் என்ற முறையில் நான் எழுத வேண்டியது வேறொன்று. இந்த முதலாண்டு நினைவு நாளிலாவது அதை எழுதிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது நெடுங்காட்டில். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் ஒருவேளைக் கஞ்சி என்றிருந்த குடும்பம். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி நடவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது வயதில் போலகத்துக்கு வாழ வந்தார். அப்பா அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். என்னையும் தங்கையையும் படிக்க வைத்த வருடங்களில், எல்லோரும் சாப்பிட்டபின் பானையில் ஒட்டியிருப்பதுதான் அம்மாவின் சாப்பாடு. பசி என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கொரோனா ஊரடங்கின் மூன்றாவது வாரம். சோறு வடித்த கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்ற அம்மா கொல்லைக்குப் போனார். வேலிக்கு வெளியே நின்ற ஒருவர், அதைத் தனக்குக் கொடுக்கும்படி சைகை காட்டினார். பெயர் சுரேந்தர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடங்கு கட்ட வந்த பீகார்க்காரர்களில் ஒருவர். பதினோரு பேர் அங்கே தகரக் கொட்டகையில் இருந்தார்கள். கூட்டி வந்த ஒப்பந்தக்காரரின் போன் அணைந்துபோய்ப் பல நாள் ஆகியிருந்தது. ஊருக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பியவர்களை, எங்கள் யூனியன் பிரதேசத்தைத் தாண்டும் முன்பே தமிழ்நாட்டு எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரேஷன் அட்டை இல்லாததால் இங்கே இலவச அரிசியும் கிடைக்கவில்லை.

"மாடு குடிக்கிறத மனுசன் கேக்குறான் தம்பி. நம்ம வேலியில நின்னு கேக்குறான்" என்று அம்மா என்னிடம் வந்து சொன்னார்.

அன்று முதல் கொல்லையில் விறகடுப்பு மூட்டி, தினமும் பதினோரு பேருக்கு மதியச் சோறு. தூக்கிக்கொண்டு போவது என் வேலை. "நோய வூட்டுக்குக் கூப்புட்டு விருந்து வைக்கிறாங்க" என்று தெருவில் பேசினார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒருவேளைச் சோறுதான் அவர்களுக்கு அன்றைய நாள் முழுவதற்கும் என்பது எனக்கும் நன்றாகத் தெரியும்.

சோறு போடத் தொடங்கிய இருபதாவது நாள் விடியும் முன் அப்பா மாரடைப்பில் காலமானார். தங்கை கும்பகோணத்திலிருந்து அனுமதி வாங்கி வர வேண்டும் என்பதால் மறுநாள் வரை உடலை வைத்திருந்தோம். பிணம் இருக்கும் வீட்டில் அடுப்பு எரியாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மற்ற காலமாக இருந்தால் அக்கம்பக்கத்தார் அண்டா அண்டாவாகச் சமைத்துக் கொண்டுவருவார்கள். அன்று வந்தது எங்களுக்கு மட்டும் ஒரு தூக்குச்சட்டிக் கஞ்சி.

நண்பகலில் அம்மா அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து, கொல்லைக்குப் போய் விறகைப் பற்றவைத்தார். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, பின்னாலேயே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? பொணம் கெடக்குற வூட்டுல ஒல வைப்பாங்களா? என் தம்பி கட்ட வேகுமா?"

பெரியப்பாவை எதிர்த்து அம்மா ஒருநாளும் பேசியதில்லை. என்னைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைங்களுக்கு யாரு போடுவா தம்பி?"

நான் பக்கத்திலிருந்த குடத்தைத் தூக்கி அடுப்பில் ஊற்றினேன். "ரெண்டு நாளுதானம்மா, சமாளிச்சுக்குவாங்க" என்றேன். வயிறு நிறைந்தவன் பேசுகிற பேச்சு. அம்மா ஈரச் சாம்பலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அப்பாவின் அருகில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, சோற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். யாரும் இல்லை. ஒரு வாரம் கழித்து அவர்களில் ஒருவர் போனில் பேசினார். வெறும் வயிற்றோடு கடலோரமாக வடக்கே நடந்திருக்கிறார்கள். நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் சுரேந்தர் வெயிலில் விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. மற்ற பத்துப் பேரையும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள்.

"என் நம்பர் இருந்துச்சே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சுரேந்தர் வந்தான், உங்க வீட்டுக்கு. உள்ள அப்பா படுத்திருக்கு. எல்லாரும் அழுவுது. எப்படி சோறு கேக்குறது?" என்றார்.

நம் வழக்கத்துக்கு நம்மைவிட அவர்கள் அதிக மரியாதை கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்பாவின் ஒவ்வொரு திதிக்கும் படையலில் இரண்டு இலை போட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "ஒண்ணு அவுங்களுக்கு. இன்னொண்ணு பசியோட போனவருக்கு" என்பார். தண்ணீர் ஊற்றியது யார் என்று எவரிடமும் சொன்னதில்லை.

கடைசி மூன்று மாதம் அம்மா படுக்கையில் இருந்தார். மூச்சு வாங்கும், பேச்சும் குறைந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கெடக்கையில அடுப்பு எரியணும். நீதான் பத்த வைக்கணும்" என்றார். சரி என்றேன்.

சென்ற ஆண்டு அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் கொல்லையில் அடுப்பை மூட்டினேன். உங்களில் பலர் முகம் சுளித்துத் தெருவில் போய் நின்றீர்கள். எனக்கு வருத்தமில்லை, ஒரு காலத்தில் நானும் அங்கேதான் நின்றிருப்பேன். பெரியப்பா மட்டும் கைத்தடியை ஊன்றி வந்து அடுப்பின் எதிரே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்டா."

"சொன்னது நீங்க பெரியப்பா. ஊத்துனது நான்."

வெந்த சோற்றை, அதே கிடங்கில் இப்போது மூட்டை தூக்கும் வெளியூர்க்காரர்களுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் ஏற்கெனவே சமைத்துச் சாப்பிட்டிருந்தார்கள். மரியாதைக்கு வாங்கிக்கொண்டு, என்ன விசேஷம் என்று கேட்டார்கள். காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அம்மாவைக் கடைசிவரை குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் தங்கைக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற தெருவாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது. எங்கள் துக்கத்தை மதித்துப் பசியோடு போன அந்தப் பத்துப் பேருக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

இன்றும் படையலில் இரண்டு இலை இருக்கும். யாருக்கென்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்று அம்மாவுக்கு. மற்றது, பசியோடு எங்கள் வாசல்வரை வந்து, நாங்கள் அழுவதைப் பார்த்துவிட்டு, சோறு கேட்காமல் திரும்பிப் போன சுரேந்தருக்கு.